இரண்டு ரிங்

மஸ்கட்டில் இருந்த இரண்டு மாதமும் நான் ஒரு போன்கூட எடுக்கவில்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியாயிற்று, ஒருத்தரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். மகள் சுவேதாவின் பிரசவத்துக்காகப் போனேன். ஏர்போர்ட் வாசலில் வைத்து என் மகன் உதயகுமார், ஏதோ எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லி அனுப்பினான்.

"எம்மா, பேங்க் ஓ.டி.பி. வரும்னுதான் ரோமிங் போட்டுக்கீறேன். போன் ஆன்லயே இருக்கட்டும். எவன் கூப்ட்டாலும் எடுக்காத. நீ பேச ஆரம்பிச்சா நிறுத்தமாட்ட, சொத்தே பூடும்."

பெற்ற தாயைச் சொல்கிற பேச்சா இது? ஆனால் விஷயம் என்னவோ உண்மைதான். பேச உட்கார்ந்தால் எனக்கு நேரம் தெரியாது.

அதனால் எடுக்கவில்லை. சமையல் மேடையில் போன் கிடந்து அடிக்கும், நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே வேடிக்கை பார்ப்பேன். திரையின் மூலையில், சிக்னல் கோடுகளுக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு R எழுத்து நின்றது. என்னடி இது என்று கேட்டேன். "ரோமிங்மா. நீ ஊர்ல இல்லன்னு அர்த்தம்" என்றாள் சுவேதா. போன் அடித்து அடித்து ஓய்ந்துவிடும். எனக்கு இவ்வளவு கட்டுப்பாடா என்று எனக்கே பெருமையாக இருந்தது.

கள்ளிக்குப்பம் வீட்டுக்குத் திரும்பி வந்து பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை, போன் பில் வந்துவிட்டது. அறுபத்து நாலாயிரம்.

"இன்னாமா பண்ண அங்க? ஊரக் கூட்டி வச்சி கத பேசினியா?" என்று குதித்தான் உதயகுமார். நான் சத்தியம் செய்தேன். பேத்தி தலைமேல் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பச்சைக் குழந்தையை எதற்கு இழுக்க வேண்டும் என்று அம்மன் படத்தைத் தொட்டுச் செய்தேன்.

சிம் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். எடுத்த பெண் வார்த்தைக்கு வார்த்தை மேடம் மேடம் என்று தேன் ஒழுகப் பேசினாள். எனக்கு அதுவே எரிச்சல்.

"மேடம், நீங்க எடுக்காத கால் எல்லாம் இன்னொரு நம்பருக்குப் போற மாதிரி ஃபார்வர்ட் போட்டிருக்கீங்க. நீங்க வெளிநாட்டுல இருந்ததால ஒவ்வொரு காலும் அங்க வந்துட்டு, திரும்ப இந்தியாவுக்குப் போயிருக்கு. ரெண்டு பக்கத்துக்கும் ரோமிங் சார்ஜ் ஆகும் மேடம்."

"அதுக்கோசரம் இவ்ளோவாம்மா? போன் அடிச்சி நின்னதுக்கா காசு?" என்றேன் நான்.

"அடிச்சு நின்னதுக்கு இல்ல மேடம். அந்த நம்பர்ல எடுத்துப் பேசியிருக்காங்க. ரொம்ப நேரம் பேசியிருக்காங்க."

உதயகுமார் அந்த நம்பரைக் கேட்டான். அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தவன், பாதியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். மீதி எண்களை அவள் சொல்வதற்கு முன்னால் நான் மனசுக்குள் சொன்னேன். அது அவனுடைய அப்பாவின் நம்பர்.

என் வீட்டுக்காரர் வேம்புலி போன ஐப்பசியில் செத்துப்போனார்.

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் ஒரு எழுத்துப் போதும். "ம்." கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் எதைச் சொன்னாலும் அந்த மனுஷனிடமிருந்து வந்த பதில் அதுதான். திட்டினாலும் ம், கொஞ்சினாலும் ம். சுவத்துக்காவது காது இல்லை என்று தெரியும், உனக்கு என்னய்யா கேடு என்று எத்தனையோ நாள் கத்தியிருக்கிறேன். திருவள்ளூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். சாயங்காலம் அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வருவார்.

பேசாத மனுஷனுக்கு மிஸ்டு கால் வசதியாகப் போயிற்று. ஒரு ரிங் விட்டு நின்றால் கம்பெனியிலிருந்து கிளம்பிவிட்டார். இரண்டு ரிங் என்றால் ஸ்டேஷனில் இறங்கிவிட்டார், வீட்டுக்கு வரட்டுமா. நான் உலையை வைத்துவிட்டு ஒரு ரிங் திருப்பி விடுவேன், வா என்று அர்த்தம். மழை நாளில் மட்டும் நான் இரண்டு ரிங் விடுவேன். அங்கேயே இரு, குடை எடுத்துக்கொண்டு நான் வருகிறேன் என்று அர்த்தம். காசு செலவில்லாமல் இரண்டு பேரும் குடும்பம் நடத்தினோம். மிஸ்டு காலை எடுத்துப் பேசுவது எங்கள் வீட்டில் பெரிய குற்றம்.

அன்றைக்கும் இரண்டு ரிங் வந்தது. மழை கொட்டியது. நான் இரண்டு ரிங் விட்டுவிட்டுக் குடையோடு கிளம்பினேன். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் முழங்கால் தண்ணீர், ஆட்டோ நகரவில்லை. அதற்குள் போன் வந்தது. ஸ்டேஷன் மேம்பாலப் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம், ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்களாம். நான் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்டேஷனுக்குப் போகவே இல்லை. அதற்குப் பிறகும் போனதில்லை, எங்கே போவதென்றாலும் பஸ்தான்.

ஃபார்வர்ட் விஷயம் அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. நான் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி செக்கிங் வேலை பார்த்தபோது போனை வாசலிலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். அப்போது என் வீட்டுக்காரர், எனக்கு வரும் போன் தனக்கு வரட்டும் என்று சுலைமான் போன் கடையில் சொல்லிப் போட்டுவைத்தார். வேலையை விட்டபின் யாரும் அதை எடுக்கவில்லை. அவர் போனபின் அவர் நம்பரை உதயகுமாரின் ஃபேமிலி பிளானிலிருந்து எடுக்க நான் விடவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

பீரோவைத் திறந்தோம். துணிக்கு அடியில் அவருடைய பட்டன் போன் இருந்தது. பேட்டரி உப்பிப்போய் அதை என்றைக்கோ தூக்கி எறிந்தாயிற்று. மூடிகூட இல்லை. காலிக் குழியில் சிம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மிஷின் எதுனா எடுத்திருக்கும்" என்றான் உதயகுமார். சொன்னானே தவிர அந்தப் போனைத் தொடவில்லை. "நம்பர கேன்சல் பண்ணிடலாம்மா. அடுத்த வாரம் சுவேதா கொழந்தய தூக்கினு வருது. இதெல்லாம் ஊட்ல எதுக்கு?"

நான் கத்தினேன். அவன் அப்பனைப் போல ம் போட்டுக் கேட்டான். அப்புறம் கம்பெனிக்காரியிடம் பாதிப் பணத்துக்குப் பேரம் பேசி, ஃபார்வர்டையும் நம்பரையும் எடுத்துவிடச் சொல்லி எழுதிக்கொடுத்துவிட்டான்.

எனக்கு உட்கார முடியவில்லை. என் நம்பருக்குப் போன் செய்தவள் எவள், எடுத்தது யார்? முதலில் பக்கத்து வீட்டுப் பார்வதத்தைப் பிடித்தேன்.

"நீதானக்கா எடுத்த?" என்றாள் அவள். "போர் மோட்டார் ரிப்பேருன்னு சொன்னேன், ம்னு சொன்ன. அப்டியே எங்க ஊட்டு கதயெல்லாம் சொன்னேன். ஒரு வார்த்த குறுக்க பேசல. நம்ம நாகவல்லியக்காவுக்கு இம்மாம் பொறும எப்போ வந்துச்சின்னு நெனச்சிகினேன். அப்பால ரெண்டு மூணு தபா நானே போட்டேன். உன்னாண்ட சொன்னா மனசு லேசாகீதுக்கா."

"என் கொரலாடி அது?"

"ம்னு ஒரு எழுத்துல இன்னா கொரலு தெரியும்? தொண்ட கட்டிகினு இருக்குன்னு நெனச்சேன்." பார்வதம் கொஞ்சம் யோசித்தாள். "மழ சத்தம் கேட்டுகினே இருந்துச்சிக்கா. இங்க வெயிலு மண்டய பொளக்குது. அப்பறம் ரயிலு அனௌன்ஸ்மென்ட்டு. மஸ்கட்ல ரயிலு கீதாக்கா?"

இல்லை என்றேன். மஸ்கட்டில் நான் ஒரு தண்டவாளத்தைக்கூடப் பார்க்கவில்லை. பார்வதத்திடம் வேறெதுவும் பேசாமல் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பட்டப்பகல், தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கிறது, நான் தாழ்ப்பாளையும் போட்டேன்.

மறுநாள் பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினேன். என் வீட்டுக்காரருடைய அக்கா கமலம் அங்கே இருக்கிறாள். இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆகிப் படுத்த படுக்கை. அவளைத் தவிர அத்தனை நேரம் என்னிடம் பேச வேறு யாருக்கும் பொழுது கிடையாது.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்ததுமே அவள் என் கையைப் பிடித்தாள். "கண்டுபுட்ச்சிட்டியா?" என்றாள்.

"அண்ணி, யாரு அண்ணி அது?"

"யாருன்னா? தூக்கி வளத்தவ நானு. எனக்கு என் தம்பி கொரலு தெரியாதா?"

அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். முதல் நாள் எனக்கென்று போட்டாளாம். அது யார் என்று தெரிந்தபின் தினமும் போட்டாளாம். கால் வலி, மருமகள் சண்டை எல்லாம் சொல்வாள், அவர் ம் போடுவார்.

"பயமா இல்லியா அண்ணி?"

"எனுக்கு இன்னாடி பயம், நானே ஒரு காலு அங்க வச்சிகினு கீறேன். ஆனா ஒரு நாளு வாய் தவறி சொல்லிட்டேன் நாகு. சுவேதாவுக்கு பொண்ணு பொறந்துருக்குடா, உன் மூக்கு அப்டியேன்னு. அதுக்கு அவன் ம் போடல. கொஞ்ச நேரம் மழதான் கேட்டுச்சி. அப்பறம் கேக்கறான், ஊட்டுக்கு வர்ட்டுமான்னு. அதுலேருந்து தெனிக்கும் அதேதான். ஊட்டுக்கு வர்ட்டுமா, ஊட்டுக்கு வர்ட்டுமா."

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னாத்த சொல்றது, என் ஊடா அது? நாகுவாண்ட கேளுன்னேன். அவதான இருன்னா, அப்டின்றான்."

அங்கேயே இரு என்று சொன்னவள் நான்தான். பதினாறாம் நாள் காரியம் செய்தோம், படையல் போட்டோம், ஐயருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தோம். நான் விட்ட அந்த இரண்டு ரிங்கை யாரும் திரும்ப வாங்கவில்லை. நான் குடையோடு வருவேன் என்று அந்த மனுஷன் ஒரு வருஷமாக அந்தப் படிக்கட்டில் நிற்கிறார். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர், சொன்ன இடத்தில் நிற்கிறார்.

"வரட்டுமே அண்ணி" என்றேன். அழுகை வந்துவிட்டது. "பேத்திய பாக்காமலே பூட்டாரு. ஒருக்கா பாத்துட்டு போவட்டுமே."

கமலம் பிடித்த பிடியில் என் மணிக்கட்டு வலித்தது. "பைத்தியக்காரி. காரியம் பண்ணி அனுப்பினவன வான்னு கூப்ட்டா, வந்தவன மறுபடி அனுப்ப முடியாதுடி. அவன் கொழந்தய பாத்தா சும்மா பாத்துகினு நிப்பானா? தூக்குவான். தூக்கிகினு எங்க போவான்? சொல்லு. அவன் போற எடத்துக்குத்தான போவான்."

மணிக்கட்டை விடுவித்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

அந்த வாரம் முழுக்க வானம் மூடிக்கொண்டு கிடந்தது. நம்பர் கேன்சல் ஆகிவிட்டது என்று கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்தது. உதயகுமார் அவருடைய போனிலிருந்து சிம்மைப் பிரித்து, கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டான். அப்பாடா என்று அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எனக்கு மட்டும் அது முடிந்ததா, முடியவில்லையா என்று தெரியவில்லை.

சுவேதா வருவதற்கு முதல் நாள் சாயங்காலம். தூளி கட்டக் கொக்கியில் கயிறு மாட்டிவிட்டு, குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. மேசைமேல் போன் ஒரு ரிங் அடித்து நின்றது.

எட்டிப் பார்த்தேன். திரையின் மூலையில் அந்த R எழுத்து. கள்ளிக்குப்பத்தில், என் வீட்டில், என் சமையலறைக்கு நாலடி தள்ளி. நீ ஊர்ல இல்லன்னு அர்த்தம் என்று சுவேதா சொன்னது காதில் கேட்டது. கையில் இருந்த குழந்தைச் சட்டையை மார்போடு வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். திருவள்ளூரிலிருந்து அம்பத்தூர் வர ஆகும் நேரம் எனக்குத் தெரியும். அந்த நேரம் ஆகும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

மறுபடி அடித்தது. ஒன்று. இரண்டு. நின்றது.

வீட்டுக்கு வரட்டுமா.

ஒரு ரிங் விட்டால் போதும். உலை வைத்துவிட்டு உட்கார்ந்தால் கேட் கொக்கி சத்தம் கேட்கும். செருப்பை வாசலில் உதறுவார். சோற்றைப் பிசைவார். ஒரு வருஷமாக இந்த வீட்டில் நான் பேசுவதற்கு ம் போட ஒரு ஆள் இல்லை. என் விரல் அவர் பெயரின் மேலேயே இருந்தது. இருட்டும் நேரத்தில் தூளிக் கயிறு, மாட்டிய இடத்தில் தானாக ஆடியது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. "யோவ்! இருன்னா இருக்க மாட்டியா?" என்று கத்தினேன். கயிறு நின்றது.

நம்பரை அழுத்தினேன். வெட்டிப்போட்ட சிம், கேன்சல் ஆன நம்பர், உபயோகத்தில் இல்லை என்று அந்தப் பொம்பளை சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அடித்தது. இரண்டு ரிங் விட்டேன், வைத்தேன். பெரிய குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். இந்தத் தடவையும் ஓ.டி.யில் தண்ணீர் தேங்கியிருந்தது, ஆட்டோ நின்றது, நான் நிற்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தேன்.

அம்பத்தூர் ஸ்டேஷனில் அப்போதுதான் வண்டி வந்திருந்தது. மேம்பாலப் படிக்கட்டில் கூட்டம் தபதபவென்று இறங்கியது. நான் கீழே நின்று பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பாதிப் படிக்கட்டில், கைப்பிடி ஓரமாக, ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. அத்தனை நெரிசலிலும் ஒருத்தரும் அங்கே கால் வைக்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள்கூட அந்த இடத்தில் தோளை ஒடுக்கி விலகி இறங்கினார்கள். எதற்கு விலகுகிறோம் என்று எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

நான் ஏறினேன். அந்தப் படிக்குக் கீழ்ப்படியில் நின்று குடையை மேலே தூக்கிப் பிடித்தேன். அவர் சட்டையின் கிரீஸ் வாசனை வந்தது.

"வந்துட்டேன்யா" என்றேன். "கொஞ்சம் லேட்டாயிடுச்சி. தண்ணி நிக்குது ரோட்ல."

மழை குடைமேல் கொட்டியது. நான் போனை எடுத்து, பேத்தியின் படத்தைத் திறந்து, அவர் முகம் இருக்கும் உயரத்துக்குத் தூக்கிக் காட்டினேன். R எழுத்து மூலையில் நின்றது.

"பாரு. நல்லா பாரு. மூக்கு உன்னுதுதான், மீதி எல்லாம் எங்க ஊட்டு ஜாட. அழுதா தெருவே கூடிடுது, அதுவும் என்ன மாதிரி." போனை இறக்கிக்கொண்டேன். "ஊட்டுக்கு மட்டும் வராதய்யா. பச்சப் புள்ள, தாங்காது. நாந்தான் உன்ன இருன்னேன். இப்ப நானே சொல்றேன். நின்னது போதும். போ. நான் பொறுமையா வரேன். எனக்கு இன்னும் வேல கீது."

படிக்கட்டில் போகிறவர்கள் என்னைப் பைத்தியம் என்று பார்த்தார்கள். பார்க்கட்டும். நான் கை வலிக்க வலிக்கக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ம்."

போனிலிருந்து வரவில்லை. என் காதுக்குப் பக்கத்தில், ரயில் அனௌன்ஸ்மென்ட்டுக்கு நடுவில், தொண்டை கட்டிய குரலில் கேட்டது. குடையின் கைப்பிடி என் விரலிலிருந்து மெதுவாக நழுவியது. நான் பிடித்து இழுக்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, பை மாட்டிய ஒரு பெண் அந்தப் படியிலேயே கால் வைத்து அவசரமாக இறங்கிப் போனாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். போன் திரையில் R இல்லை. குடையும் இல்லை. மேலே பிளாட்பாரத்தில் வண்டி ஒன்று கிளம்பும் சத்தம் கேட்டது.

சொட்டச் சொட்ட நனைந்து வீட்டுக்கு வந்தேன். உதயகுமார் வாசலிலேயே நின்றிருந்தான்.

"எங்கமா போய்ட்ட? கொட எங்க?"

"உங்கப்பனாண்ட குடுத்துட்டேன்."

அவன் என் முகத்தையே பார்த்தான். சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். துண்டை எடுத்து வந்து என் தலையில் போட்டான். என்னைப் பார்க்காமல், "அப்பா இன்னா சொன்னாரு?" என்று கேட்டான்.

வேறு நாளாக இருந்தால் உட்காரவைத்து விடிய விடியச் சொல்லியிருப்பேன்.

"ம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னார்.